மியூசிக் சாரின் சென்ட்டும் என் வாயும்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலக்கும், சிலருக்குக் கைகால் உதறும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். திறந்த வாயிலிருந்து நான் யோசித்த வார்த்தை வந்தாலாவது பரவாயில்லை. அந்த இடத்தில் வழக்கமாக எதைச் சொல்வார்களோ அது தானாக வந்து விழும். காலேஜ் வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் பெயரைக் கேட்டபோது "பிரசன்ட் சார்" என்றேன். எங்கள் கோயிலுக்கு வந்த புது ஃபாதர் கைகொடுத்து, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டதற்கு "ஆமென்" என்றேன். (அவர் இரண்டு விநாடி யோசித்துவிட்டு என்னை ஆசீர்வதித்தார். நல்ல மனுஷன்.)

இதெல்லாம் என்னோடு போயிற்று. ஆனால் ஒரு நாள் இதே வாய், எங்கள் யூனிட்டில் இருந்த அத்தனை பெண்களின் பிழைப்புக்கும், அவர்களில் ஒருத்தியான என் அம்மாவின் பிழைப்புக்கும் உலை வைக்கப் பார்த்தது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

திருவள்ளூர் பக்கம் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காதர் பாயின் சென்ட் கம்பெனியில் எனக்கு வேலை. பாய்க்குப் பூர்வீகம் பழவேற்காடு, அவர் அப்பா காலத்தில் அத்தர் வியாபாரம். பாய் அதை ரூம் ஸ்பிரே, கல்யாண மண்டபத்துக்குப் பன்னீர், வேறு கம்பெனிகள் தங்கள் பெயர் போட்டு விற்கும் பாடி ஸ்பிரே என்று பெருக்கி வைத்திருந்தார். என் அம்மா சகாயமேரி, பாட்டில் நிரப்பும் லைனில் ரொம்ப வருஷமாக நிற்கிறவள். நான் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், பாயிடம் பேசி என்னை லேபில் சேர்த்துவிட்டாள். லேப் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பாத்ரூமுக்குப் பக்கத்து அறை. (வாசனைத் தொழிலில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கட்டினவர் யோசித்திருக்கலாம்.)

அந்த வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. ஒரு பெரிய பார்ட்டி எங்களை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது. பாய் லைன் பெண்களைக் கூட்டி வைத்து, ஏதாவது நல்ல ஆர்டர் வந்தால் உண்டு, இல்லையென்றால் லைனை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்குக் கம்பெனி பஸ் வரும், நாளைக்கு வராது. அம்மாவின் சம்பளம் நின்றால் எங்கள் வீட்டில் எல்லாமே நின்றுவிடும். அன்றிலிருந்து அம்மா ஜெபத்தில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள்: "ஏசப்பா, ஒரு ஆர்டரு."

அப்போதுதான் மியூசிக் சார் வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஷேர் ஆட்டோவில் ஏறினால் அவர் பாட்டுத்தான் ஓடும், அவ்வளவுதான் சொல்வேன். அவர் தன் பெயரில் சென்ட் விடப் போகிறாராம். சென்னையில் ஒரு ஏஜென்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதாம். நிரப்புகிற வேலைக்கு எங்களிடம் வந்திருந்தார்கள்.

பாட்டுக்காரர் சென்ட் விடுகிறார் என்றால் ஒரு பக்கம் கீபோர்டு, ஒரு பக்கம் குடுவை என்று உட்கார்ந்து கலக்குவார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. வாசனை எண்ணெய் மும்பையிலிருந்து அலுமினிய கேனில் வரும். பாட்டில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும். அந்த எண்ணெயை ஸ்பிரிட்டில் கலந்து, குளிரில் வைத்து, வடிகட்டி, நிரப்பி, மூடி அழுத்துவது நாங்கள். பெயரும் மூக்கும் மட்டும் அவருடையது. நாங்கள் சாம்பிள் அனுப்புவோம், அவர் முகர்ந்துவிட்டு இது வேணும், அது வேணாம் என்பார். அவர் கேட்கிற மாதிரி மாற்றிக் கலக்க வேண்டியது லேபில் இருந்த ஒரே ஆளான நான்.

ஏஜென்சியிலிருந்து நிதின் என்று ஒரு வடக்கத்திப் பையன் வருவான். தமிழ் ஓரளவு பேசுவான். சென்ட்டிலும் பாட்டு மாதிரியே நோட் இருக்கிறது என்று அவன்தான் எனக்கு விளக்கினான். பூசியதும் வருவது டாப் நோட், நடுவில் வருவது ஹார்ட் நோட், கடைசி வரை ஒட்டிக்கொண்டிருப்பது பேஸ் நோட். இதை நான் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னபோது அம்மா, "இத்தினி நோட்டு வாங்கினு போயி இன்னாத்த எழுதறாரு?" என்று கேட்டாள்.

எலுமிச்சையும் வெட்டிவேரும் போட்டு முதல் சாம்பிள் அனுப்பினேன். அவர் வேண்டாம் என்றார். பிறகு குரல் பதிவாக ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ரசிகர்கள் போடும் ரோஜா மாலையின் வாசனை அவருக்கு வேண்டும். போட்டேன். ரெக்கார்டிங் தொடங்கும் முன் கொளுத்தும் ஊதுபத்தி வேண்டும். போட்டேன். கல்யாண மண்டபங்களில் கச்சேரி செய்த காலத்துப் பன்னீர் வேண்டும். நம்ம கம்பெனி சரக்காச்சே என்று தாராளமாகவே போட்டேன். ஒவ்வொன்றும் மங்கலமான பொருள்தான், தனித்தனியாகப் பார்த்தால். ஒவ்வொரு தடவையும் அவர், கிட்ட வந்துட்டோம், ஆனா ஏதோ ஒண்ணு குறையுது என்றார். கடைசியாக, சில்லென்று இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஏசி ஸ்டூடியோவின் குளிர்ச்சியைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கற்பூரமும் புதினா உப்பும் சேர்த்தேன்.

நாள் முழுக்க முகர்ந்துகொண்டிருந்தால் மூக்கு மரத்துப்போகும். எனக்கு மரத்துத்தான் போயிருந்தது. அந்தக் கடைசி சாம்பிள் கலந்த அன்று காரணமே இல்லாமல் மனசு பாரமாக இருந்தது, அதைக்கூட ஆர்டர் கவலை என்றே நினைத்தேன். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா உள்ளேயிருந்து, "தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா" என்று குரல் கொடுத்தாள். ஏன் என்று கேட்டேன். ஏனென்று அவளுக்கும் தெரியவில்லை. நானும் மறுபேச்சுப் பேசாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை, சொன்னால் நம்புங்கள்.

அந்த சாம்பிள் போனதும் அங்கிருந்து செய்தி வந்தது. இதுதான், இதையேதான் தேடினேன் என்கிறாராம். நேரில் வந்து லைனைப் பார்த்து முடிவு செய்கிறாராம். கூடவே, சென்ட் பிறந்த கதை என்று வீடியோ எடுக்கப் போகிறார்களாம். பாய்க்கு சந்தோஷத்தில் பிரஷர் ஏறிவிட்டது.

வரவேற்பு ஏற்பாடு முழுக்க பாயுடையது, மனசார நல்லெண்ணத்தில் செய்தது. யூனிட் வாசலில் ஷாமியானா. வாடகை பிளாஸ்டிக் சேர்கள் வரிசையாக. உள்ளே நீளமான மேஜையில் வெள்ளைத் துணி, அதன்மேல் ரோஜா இதழ்கள், நடுவில் பாட்டில். பாட்டிலுக்குப் பின்னால் மியூசிக் சாரின் பெரிய போட்டோ. (மாலை மட்டும்தான் பாக்கி. அதையும் நிதின் போட வந்தான். லைன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கூச்சலிட்டுத் தடுத்துவிட்டார்கள்.) ஏசியை முழுக்க வைத்துக் கதவுகளைச் சாத்தி, அம்மா உட்பட எல்லோரையும் சத்தம் போடாமல் சேர்களில் உட்கார வைத்தார் பாய்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாரும்மா ஜெனி. வாசனைத் தாள அவர் கையில குடு. 'டாப் நோட் ரோஜா சார்'னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த வாணாம். இந்தப் பொம்பளைங்க சோறு உன் வாயில கீது."

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சொன்னதிலிருந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. டாப் நோட் ரோஜா சார், டாப் நோட் ரோஜா சார் என்று ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தேன். சென்ட் தொட்டு முகரும் அந்த வாசனைத் தாள் உள்ளங்கை வியர்வையில் நனைந்து, வேறு தாள் எடுத்தேன். அதுவும் நனைந்தது. கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது, பின்கதவு வழியாக ஓடிப்போய் ரயிலேறித் திருநின்றவூர் சித்தி வீட்டில் ஒளிந்துகொண்டால் என்ன என்று நிஜமாகவே யோசித்தேன். சேரில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடும் டாப் நோட் ரோஜா என்று அசைந்தது. எங்கே ஓட?

மியூசிக் சார் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்தார். டிவியில் பார்ப்பதைவிட ஒல்லி. கூட வந்தவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார்கள். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நேராக மேஜைக்குப் போய், பாட்டிலை எடுத்து, மேலே பார்த்துத் தாராளமாக அடித்தார். ஒருமுறை இல்லை, பலமுறை.

ஏசிக் காற்றில் அது மெல்ல இறங்கி எல்லோர் மேலும் வந்து படிந்தது. லேபில் தாளின் நுனியில் முகர்ந்தபோது தெரியாதது, ஒரு ஹால் முழுக்க நிறைந்தபோது தெரிந்தது. முன்வரிசையில் ஒரு அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருத்தர் காலால் செருப்பைக் கழற்றிச் சேருக்கு அடியில் தள்ளினார். ரோஜா, ஊதுபத்தி, பன்னீர், கற்பூரம், சில்லென்ற காற்று, வரிசையாகச் சேர், வெள்ளைத் துணி. ஐயோ, இத்தனை நாளாக எதை நான் கலந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

வாசனைத் தாளை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "நீதான் கலந்தியாமே. சொல்லும்மா" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். நிதினின் கேமரா பார்த்தது. டாப் நோட் ரோஜா சார் என்பது தொண்டை வரை வந்துவிட்டது, சத்தியமாக. ஆனால் என் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, குரல் தானாக இறங்கியது, வாய் திறந்துகொண்டது.

"எப்ப சார் எடுக்குறாங்க?"

நீங்களும் நானும் எத்தனை துக்க வீட்டில், செருப்பை விட்டுவிட்டு சேரைத் தேடி உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் இதைக் கேட்டிருப்போம். அதே கேள்வி, அதே குரல். பாயின் கை அவர் நெஞ்சுக்குப் போனது.

அந்த நேரத்தில் தெய்வம்போல நிதின் குறுக்கே வந்தான். அவனுக்கு நம் ஊர் துக்க வீட்டுப் பேச்சு எங்கே தெரியும்? வீடியோவைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, "இப்பவே எடுக்கலாம், கேமரா ரெடி" என்றான் உற்சாகமாக. பாயின் கை நெஞ்சிலிருந்து இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது. ஏசப்பா, தப்பிச்சேன் என்று நினைத்தேன். நிஜமாகவே தப்பித்திருப்பேன், என்னைப் பெற்றவள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்.

அம்மாவும் அந்த வாசனையில்தானே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு கேள்வி காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

"பெரிய பையன் வந்துகினு கீறானாம்," என்றாள், கண்ணை மூடியபடியே. "நாலு மணி ஆவும்."

அத்தோடு நின்றதா? பின்வரிசையில் ஒரு பாட்டியம்மா, பொண்ணு வந்துட்டாளா என்று விசாரித்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருத்தர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் ஒவ்வொருவருக்காக சுயநினைவு திரும்பியது. அம்மா கண்ணைத் திறந்து, நான் என்ன சொன்னேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மியூசிக் சார் அந்தத் தாளை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார். புரிந்துகொள்ள அவருக்கு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பாவ மூணு மணிக்கே எடுத்துட்டாங்க," என்றார். "நான் வர்றதுக்குள்ள."

அவர் எங்களிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, சொல்லாத மாதிரியும் இல்லை. வெளியூரில் ரெக்கார்டிங்கில் இருந்தாராம், விமானம் தாமதமாம். வந்து சேர்ந்தபோது தெருவில் ரோஜா இதழ் கிடந்ததாம், வீட்டை அதற்குள் கழுவிவிட்டிருந்தார்களாம். "ஐஸ் பெட்டி வெச்சிருந்த எடம் மட்டும் தரை சில்லுனு இருந்துச்சு. அன்னைக்கு அங்கயே படுத்துட்டேன்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதத்தான் இத்தன நாளா கேட்டுட்டு இருந்தனா நான்?"

எழுந்து, நேராக வெளியே போய்விட்டார். கூட வந்தவர்கள் பின்னால் ஓடினார்கள், நிதின் கேமராவோடு ஓடினான். பாய் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "ஊட்டுக்குப் போம்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. பாயின் போன் அடிக்கும்போதெல்லாம் லைன் மொத்தமும் திரும்பிப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். எல்லோரும் வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள். என் ஒரு வாயால் இவர்கள் அடுப்பு அணையப் போகிறது என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டிலோ வேறு பேஜாரு. அம்மாவும் நானும், ஆர்டரைக் கெடுத்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டோம். நான் கேட்டது வாஸ்தவம்தான், ஆனால் நிதின் காப்பாற்றிவிட்டானே, உன்னை யார் பதில் சொல்லச் சொன்னது என்றேன். கேள்வி கேட்டது யாருடி என்றாள். ஷிப்ட் முடிந்து வந்த நைனா இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, "கேட்டவளுக்கு மரியாத தெரிஞ்சிக்கீது, சொன்னவளுக்கும் மரியாத தெரிஞ்சிக்கீது. வேல போனா இன்னா, நல்ல குடும்பம்னு பேர் வரும்" என்று தீர்ப்பு சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவர்மேல் பாய்ந்தோம்.

ஒரு மத்தியான நேரம் பாய் லைனுக்கு வந்து மெஷினை நிறுத்தச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் லேப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மியூசிக் சாரே போன் செய்து பேசினாராம். அந்த முதல் சாம்பிள், எலுமிச்சையும் வெட்டிவேரும், அதையே போட்டுவிடலாம் என்றாராம். ஆர்டர் முழுசாக நமக்குத்தானாம். அந்தப் பொண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாராம். லைன் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

கடைசி சாம்பிளில் ஒரு பாட்டில் மட்டும் அவர் வீட்டுக்குக் கேட்டிருந்தார். என் கையாலேயே பேக் செய்து அனுப்பினேன். அவர் சரி என்றதுமே பாய் அந்தச் சாம்பிளுக்காக வரவழைத்திருந்த எண்ணெய் கேன் கேனாகக் கிடந்தது, அதை என்ன செய்வது என்று பாய் தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டாராம். "என் பேர் போடாதீங்க பாய். அது எங்க போவணுமோ அங்க அனுப்புங்க" என்றாராம்.

பாய் வியாபாரி. அது எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பெயரில்லாத ஸ்பிரேயாக அடைத்து, ஐஸ் பெட்டியும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவள்ளூரில் பிடித்தது ஊத்துக்கோட்டை வரை போய், அங்கிருந்து ஆந்திரா பார்டரையும் தாண்டிவிட்டது. மியூசிக் சாரின் சென்ட் ஒரு சீசன் ஓடியது, பிறகு ஜனங்கள் வேறொரு பாட்டுக்காரரின் சென்ட்டுக்குப் போய்விட்டார்கள். இதற்கு சீசன் கிடையாது. தனி லைன் போட்டாகிவிட்டது, அதற்கு சூப்பர்வைசர் என் அம்மா. இதைக் கல்யாண வீடுகளில் அவள் சொல்லிக்கொள்வதில்லை.

எனக்குத்தான் நிரந்தரத் தண்டனை. போன மாதம் திருநின்றவூரில் ஒரு சொந்தக்காரர் தவறிவிட்டார் என்று எல்லோரும் போயிருந்தோம். தெருமுனையிலேயே என் சரக்கு எதிரே வந்து வரவேற்றது. ரோஜா கொஞ்சம் தூக்கல்தான், அடுத்த பேட்சில் குறைக்க வேண்டும். செருப்பை விட்டுவிட்டு, சேரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பக்கத்தில் இருந்த பெரியவர் பக்கம் திரும்பினேன். நியாயமாக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம், கேட்காவிட்டால்தான் தப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"நாலு மணிக்கு எடுக்குறாங்களாம்," என்றாள். "நீ கம்முனு உக்காரு."